சோமாலியாவுக்குச் சோறு கொண்டுபோனவர்களும் சமாதானம் பேசப் போனவர்களும்

சோமாலியா என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருகிற பெயர் முகமது சஹ்னூன். அல்ஜீரியாக்காரர், அனுபவம் மிகுந்த ராஜதந்திரி. 1992 ஏப்ரலில் ஐ.நா. பொதுச் செயலரின் சிறப்புப் பிரதிநிதியாக அவரைத் தலைநகர் மொகடிஷுவுக்கு அனுப்பினார்கள். அப்போது அங்கே அரசாங்கம் என்று ஒன்று இல்லாமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1969 முதல் ஆண்ட சியாத் பர்ரே 1991 ஜனவரியில் தலைநகரை விட்டு ஓடினார். அவரைத் துரத்தியவர்களே பிறகு இரண்டாகப் பிரிந்து, வடக்கே அலி மஹ்தி முகமது, தெற்கே ஜெனரல் முகமது ஃபரா ஐதீத் என்று நகரத்தைப் பங்குபோட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் பீரங்கிகளால் தாக்கிக்கொண்டார்கள். நாட்டின் உள்பகுதியில், பைடோவா நகரத்துப் பக்கத்தில் ஜனங்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள்.

சஹ்னூன் செய்தது தொலைக்காட்சியில் காட்டக்கூடிய வேலையே இல்லை. ஊர் ஊராகப் போனார். துப்பாக்கி வைத்திருந்த தலைவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் குலப் பெரியவர்கள், பெண்கள், வியாபாரிகள், மதப் பெரியவர்கள் எல்லோரிடமும் உட்கார்ந்து பேசினார். சோமாலியர்களிடையே ஒரு பகை தீர வேண்டுமானால் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிக்கிறவரை பேச வேண்டும். ஹீர் என்கிற அவர்களுடைய வழக்காற்றுச் சட்டம் அப்படித்தான் ஓடுகிறது, ஒரு கொலைக்குக்கூட ஒட்டகக் கணக்கில் ஈடு பேசி இரண்டு குலமும் விவகாரத்தை முடித்துக்கொள்ளும். அதற்கு நாள் பிடிக்கும். அவர் அந்த வேகத்துக்கே நடந்தார். ஐ.நா. படை என்றாலே ஐதீத்துக்கு ஆகாது. போதாததற்கு, ஐ.நா. அடையாளத்தோடு வந்த ஒரு ரஷ்ய விமானம் எதிர்த்தரப்பான அலி மஹ்தி பக்கம் பணமும் தளவாடமும் இறக்கியதில் அவருடைய சந்தேகம் இன்னும் வலுத்திருந்தது. அத்தனையையும் தாண்டி, துறைமுகத்தையும் உணவு வண்டிகளையும் காக்க 500 பாகிஸ்தானிய வீரர்கள் வரலாம் என்று 1992 ஆகஸ்டில் அவரைச் சம்மதிக்க வைத்தார் சஹ்னூன்.

அந்த மாதம் முடிவதற்குள்ளேயே நியூயார்க்கில் பாதுகாப்பு கவுன்சில் இன்னும் 3,000 பேருக்கு மேல் அனுப்பத் தீர்மானம் போட்டது. சோமாலியத் தலைவர்களிடம் யாரும் பேசவில்லை, சஹ்னூனிடமும் கலந்துகொள்ளவில்லை. 500 பேருக்கு ஒத்துக்கொண்ட ஒருவரிடம் போய் இனி என்ன சொல்வது? சஹ்னூன் கட்டியெழுப்பிய நம்பிக்கை ஒரே அறிவிப்பில் போயிற்று. கூடவே அவர் ஐ.நா. அமைப்புகளின் மெத்தனத்தையும் வெளிப்படையாகவே விமர்சித்துவந்தார். ஜனங்கள் சாகும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். பொதுச் செயலர் பூட்ரஸ் காலிக்கு அது பிடிக்கவில்லை. அக்டோபர் கடைசியில் சஹ்னூன் ராஜினாமா செய்தார்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். டிசம்பரில் கேமரா வெளிச்சத்தில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கினார்கள். 1993 ஜூன் 5 அன்று 24 பாகிஸ்தானிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூலை 12 அன்று ஐதீத்தின் குலப் பெரியவர்கள் கூடியிருந்த ஒரு வீட்டை அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணையால் தகர்த்தன, சமாதானம் பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அக்டோபர் 3 சண்டையில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள், உலகம் நினைவில் வைத்திருப்பது அதை மட்டும்தான். அதே சண்டையில் இறந்த சோமாலியர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். 1995 மார்ச்சில் ஐ.நா. படை மொத்தமும் கிளம்பிவிட்டது.

அந்தப் படைகளால் ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சாலைகள் திறந்தன, கிடங்குகளில் தேங்கிய தானியம் உள்ளே போனது. ஆனால் பட்டினிச் சாவு உச்சத்தைத் தொட்டது அதற்கு முன்பே என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் பலர் சொல்கிறார்கள். அந்த மோசமான மாதங்களில் நிஜமாகவே உயிரைப் பிடித்து நிறுத்தியது செஞ்சிலுவையும் சோமாலிய செம்பிறைச் சங்கமும் சேர்ந்து நடத்திய பொதுச் சமையல்கூடங்கள். நூற்றுக்கணக்கில் நடந்தன, பத்து லட்சம் பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். இதில் இருந்த யோசனை மிக எளிமையானது. அரிசி மூட்டைக்குச் சந்தையில் விலை உண்டு, அதனால் அதைக் கொள்ளையடிப்பார்கள். வெந்த சோற்றை யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் விற்க முடியாது. சமையல்கூடத்தை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள், பெரும்பாலும் பெண்கள். யார் பசியோடு இருக்கிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1992ல் அதிகம் செத்தவர்கள் ஜூபா, ஷபெல்லே ஆறுகளுக்கு நடுவே இருக்கிற விவசாயிகள், ரஹன்வெய்ன் குலத்தாரும் பாண்டு மக்களும். நாட்டுக்குச் சோளம் விளைவித்தவர்கள். பர்ரேயின் படையும் அவரைத் துரத்திய படைகளும் மாறி மாறி அவர்கள் நிலத்தின் வழியாகப் போய், நிலத்தடிக் குழிகளில் சேமித்து வைத்திருந்த தானியத்தை எல்லாம் தோண்டி எடுத்துக்கொண்டன. வறட்சியும் இருந்தது, ஆனால் வறட்சி மட்டும் இப்படிக் கொல்லாது.

சரி, இப்போது ராஜதந்திரப் பக்கம். 1993ஐ எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அந்த ஒரே வருடத்தில் இரண்டு பேச்சுவார்த்தைகள் நடந்தன.

முதலாவது, மார்ச்சில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஐ.நா. ஏற்பாட்டில். 15 ஆயுதக் கோஷ்டிகளின் தலைவர்களை விமானத்தில் அழைத்து வந்து தங்கவைத்துப் பேசினார்கள், இரண்டு வாரத்துக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்தக் கோஷ்டிகளில் சில பெயரளவுக்குத்தான் இருந்தன. ஆனால் அழைப்பு வந்துவிட்டதே, அதுவே அவர்களுக்கு அந்தஸ்தாகிவிட்டது. உன்னிடம் நாலு வண்டியும் கொஞ்சம் துப்பாக்கியும் இருந்தால் உனக்கும் மேஜையில் ஒரு நாற்காலி உண்டு என்று ஒரு நாட்டுக்கே சொல்லிக்கொடுத்த மாநாடு அது. ஒப்பந்தம் சில மாதம்கூட நிற்கவில்லை.

இரண்டாவது போராமாவில். வடமேற்கே, சோமாலிலாந்து என்று 1991 மே மாதம் தனியாகப் பிரிந்துகொண்ட பகுதியில் உள்ள சின்ன நகரம் அது. சியாத் பர்ரே 1988ல் அங்குள்ள பெரிய நகரமான ஹர்கெய்சாவைத் தன் விமானப்படையைக் கொண்டே குண்டு போட்டு அழித்திருந்தார், அந்தக் காயத்தோடு இருந்த பகுதி, தங்களுக்குள்ளும் சண்டை போட்டுக்கொண்டிருந்த பகுதி. 1993 ஜனவரியிலிருந்து மே வரை 150 குலப் பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து பேசினார்கள். செலவில் பெரும்பகுதியை உள்ளூர் மக்களும் வியாபாரிகளும் வெளிநாட்டிலிருந்த சொந்தக்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு விஷயத்தில் உடன்பாடு வரவில்லையென்றால் அதை ஒதுக்கிவைத்துவிட்டுத் திரும்ப வருவார்கள். விருந்தாளிகளுக்கு ஊர்தான் சோறு போட்டது, அதனால் காலம் கடத்தினால் யாருக்குச் செலவு என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் ஒரு சமாதான சாசனம், ஒரு அரசியல் சாசனம், பெரியவர்களுக்கென்று ஒரு மேல்சபை, மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு கீழ்சபை, முகமது இப்ராஹிம் எகால் ஜனாதிபதி. ஐ.நா. இதை ஆதரிக்கவில்லை, ஒன்றுபட்ட சோமாலியா என்கிற கொள்கைக்கு இடைஞ்சல் என்று தள்ளியே நின்றது.

போராமாவில் எல்லாம் சுமூகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1994லிருந்து மறுபடி உள்சண்டை வந்தது, அதையும் தாங்களே பேசி 1997 வாக்கில் முடித்தார்கள். 2003 ஜனாதிபதி தேர்தலில் முதலில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் வெறும் 80 வாக்குகள். தோற்றவர் துப்பாக்கியைத் தூக்கவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார், தீர்ப்பை ஏற்றார். முப்பது வருடம் எந்த நாடும் அங்கீகரிக்காமல், உலக வங்கிக் கடன் கிடைக்காமல், பெர்பெரா துறைமுகத்தில் ஆடு மாடு ஏற்றுமதி செய்த வரியில் ஓட்டிய இடம் அது. 2023ல் கிழக்கே லாஸ் அனோத்தில் அவர்களுடைய ஆட்சியை ஏற்காத மக்களோடு பெரும் சண்டை மூண்டு ஏராளமானோர் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. அதை மறைத்துவிட்டு சோமாலிலாந்தைப் புகழ்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை, அந்த ஊர்க்காரர்களையும் பேசி இணங்க வைத்திருக்க வேண்டும், அது நடக்கவில்லை.

தெற்கே என்ன நடந்தது? மாநாடு, மாநாடு, மாநாடு. 2000ல் ஜிபூட்டியின் ஆர்ட்டா, இது மற்றவற்றைவிடப் பரவாயில்லை, சமூகப் பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் இடம் இருந்தது. 2002லிருந்து 2004 வரை கென்யாவில், முதலில் எல்டோரெட், அப்புறம் நைரோபியை ஒட்டிய ம்பகாதி. இரண்டு வருடம். செலவு நன்கொடை நாடுகளுடையது. அறையும் சாப்பாடும் யாரோ தருகிறார்கள், முடிவெடுத்தால் ஊருக்குப் போய் ஆள வேண்டும், எடுக்காவிட்டால் இங்கேயே இருக்கலாம் என்கிற நிலையில் ஒரு மனிதனை உட்காரவைத்தால் பேச்சு எப்படி முடியும்? கடைசியில் பிறந்த அரசாங்கம் சொந்தத் தலைநகருக்குள் நுழைய முடியாமல் கென்யாவிலும் பிறகு பைடோவாவிலும் இருந்தது. 2006ல் இஸ்லாமிய நீதிமன்றங்களின் கூட்டமைப்பு மொகடிஷுவைப் பிடித்து, பத்து வருடத்துக்கு மேல் மூடிக்கிடந்த துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் திறந்தது. டிசம்பரில் எத்தியோப்பியப் படை வந்து அவர்களைக் கலைத்தது, அந்தக் கூட்டமைப்பின் கடும்போக்குப் பிரிவு அல்-ஷபாபாகத் தனியே வளர்ந்தது. பேச வேண்டிய நேரத்தில் பேசாததற்கு அந்த நாடு இன்றுவரை விலை கொடுக்கிறது.

இந்த மாநாடுகள் விட்டுச்சென்ற ஒரு கணக்கு இருக்கிறது, 4.5 என்று. நான்கு பெரிய குலங்களுக்குச் சமமான இடங்கள், மற்ற எல்லோரையும் சேர்த்து அரைப் பங்கு. நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்கத்தான் இந்தக் கணக்கு வந்தது. நடைமுறையில் வேலை, ஒப்பந்தம், நிவாரணம் என்று எல்லாவற்றிலும் அது புகுந்துவிட்டது. ஆற்றங்கரைப் பாண்டு விவசாயி அந்த அரையில் ஒரு துணுக்கு.

2011 பஞ்சத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. 2010 ஜனவரியில் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் தென்பகுதியில் வேலையை நிறுத்தியது, அல்-ஷபாப் மிரட்டலும் கப்பமும் தாங்க முடியவில்லை. பிப்ரவரியில் அல்-ஷபாப் அந்த அமைப்பையே தடை செய்தது. மார்ச்சில் ஐ.நா. கண்காணிப்புக் குழு, உணவு உதவியில் பாதிவரை ஒப்பந்தக்காரர்களும் ஆயுதக் குழுக்களும் கொண்டுபோகிறார்கள் என்று அறிக்கை தந்தது. இன்னொரு பக்கம் அமெரிக்காவின் பயங்கரவாதத் தடைச் சட்டம்: ஒரு லாரி அல்-ஷபாப் சோதனைச் சாவடியில் வரி கட்டினாலும் அந்த உதவி அமைப்பு வழக்கில் மாட்டும் என்கிற பயம். அமெரிக்க உதவி மளமளவென்று குறைந்தது. இந்த நேரத்தில்தான் மழை பொய்த்தது. பஞ்ச எச்சரிக்கை அமைப்புகள் 2010 கடைசியிலிருந்தே திரும்பத் திரும்பச் சொன்னார்கள், காகிதத்தில், வரைபடத்தில், கூட்டங்களில். பஞ்சம் என்று முறைப்படி அறிவித்தது 2011 ஜூலை 20 அன்று. சட்டக் கட்டுப்பாட்டை அமெரிக்கா தளர்த்தியது ஆகஸ்டில். 2012 ஏப்ரலுக்குள் இறந்தவர்கள் சுமார் 2,58,000 பேர் என்று பின்னர் மதிப்பிட்டார்கள், ஏறக்குறைய பாதி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இறந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் பஞ்சம் என்ற அறிவிப்பு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். மறுபடியும் அதே ஆறுகளுக்கு நடுவே, அதே ரஹன்வெய்ன், அதே பாண்டு. அல்-ஷபாபோ, அவ்வளவு சாவுக்கு நடுவிலும் நவம்பரில் மேலும் 16 அமைப்புகளை விரட்டியது. இரண்டு பக்கமும் சேர்ந்து வழியை அடைத்தார்கள்.

உதவி கொள்ளை போகிறது என்பது உண்மைதான், அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. மொகடிஷுவைச் சுற்றி இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இடத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிற வாயிற்காவலர்கள் உண்டு, பலமான குலத்தைச் சேர்ந்தவர்கள். பலவீனமான குலத்திலிருந்து ஓடிவந்த அகதிப் பெண் தனக்குக் கிடைக்கிற பணத்தில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் குடிசை போய்விடும். 2023ல் ஐ.நா.வே நடத்திய விசாரணையில் இது பரவலாக வெளிவந்து, ஐரோப்பிய யூனியன் உலக உணவுத் திட்டத்துக்கான நிதியைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. நிறுத்தினால் யாருக்கு வலிக்கும்? வாயிற்காவலர் வேறு வருமானம் பார்த்துக்கொள்வார்.

திருட்டைக் கண்டுபிடிக்க ஆட்கள் அங்கே இருக்க வேண்டும். உதவி அமைப்புகளின் பெரிய அலுவலகங்கள் பல வருடங்களாக நைரோபியில். மொகடிஷுவில் இருக்கிற தூதர்களும் ஐ.நா. அதிகாரிகளும் விமான நிலையத்தை ஒட்டிய ஹலானே என்கிற அரண் சூழ்ந்த வளாகத்துக்குள். அவர்களுடைய பயம் நியாயமானதே, குண்டுவெடிப்புகளில் எத்தனையோ பேரை இழந்திருக்கிறார்கள். ஆனாலும் மதில் சுவருக்குள் இருந்துகொண்டு ஒரு முகாமில் யார் யாருக்குக் கப்பம் கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள முடியாது. துருக்கி இதில் வேறு மாதிரி நடந்துகொண்டது. 2011 ஆகஸ்டில் எர்டோகன் குடும்பத்தோடு மொகடிஷுவுக்கு வந்தார், ஆப்பிரிக்காவுக்கு வெளியிலிருந்து ஒரு நாட்டுத் தலைவர் அங்கே வந்து கிட்டத்தட்ட இருபது வருடம் ஆகியிருந்தது. அடுத்த வருடம் துருக்கி விமானச் சேவை, பிறகு சாலைகள், மருத்துவமனை, வேலை செய்கிற துருக்கியர்கள் நகரத்துக்குள்ளேயே தங்கினார்கள். அவர்களுக்குத் துறைமுகமும் ராணுவத் தளமும் வேண்டியிருந்தது, அதையும் பெற்றுக்கொண்டார்கள், தர்மத்துக்குச் செய்யவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சாலை கிடைத்தது என்று மொகடிஷுக்காரர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

2011லிருந்து மாறிய ஒன்று எனக்கு நம்பிக்கை தருகிறது. சோமாலியாவில் வங்கி இல்லாவிட்டாலும் கைப்பேசிப் பணம் எல்லோரிடமும் உண்டு, தெருவோரத்தில் தேநீர் விற்பவர்கூட அதில்தான் வாங்குகிறார். அதனால் மூட்டைக்குப் பதிலாகப் பணத்தையே நேராகப் போனுக்கு அனுப்ப முடிகிறது. சோதனைச் சாவடியில் லாரி நிற்க வேண்டியதில்லை. 2017ல் பஞ்சம் வரவிருந்தது, முன்கூட்டியே பணம் வந்ததால் தடுத்தார்கள். 2022ல் பைடோவா பக்கம் பஞ்சம் வரும் என்று கணித்தார்கள், கடைசி நேரத்தில் பெருமளவு உதவி வந்து அந்த அறிவிப்பு தவிர்க்கப்பட்டது. அப்படியும் அந்த ஒரு வருடத்தில் 43,000 பேர் வறட்சியால் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று மதிப்பீடு. பஞ்சம் என்று அறிவிக்காததால் அவர்களைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை.

இன்னொரு பணம் இருக்கிறது, எந்த மாநாட்டு அறிக்கையிலும் முதல் பக்கத்தில் வராதது. லண்டன், மினியாபோலிஸ், நைரோபி, துபாய் என்று சிதறிப்போன சோமாலியர்கள் வீட்டுக்கு அனுப்புகிற காசு, ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல். பர்ரே காலத்திலிருந்து இன்றுவரை அந்தச் சமூகத்தைத் தூக்கி நிறுத்துகிறது. 2001 நவம்பரில் பயங்கரவாதச் சந்தேகத்தில் அல்-பரகாத் என்கிற மிகப்பெரிய ஹவாலா நிறுவனத்தை ஒரே நாளில் முடக்கினார்கள். அதற்கெதிராக உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை, பல வருடம் கழித்துப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். இடையில் அந்தப் பணத்தை எதிர்பார்த்திருந்த குடும்பங்களுக்கு யாரும் ஈடு தரவில்லை. ஒரு கையால் உதவி, மறு கையால் இது.

2023 டிசம்பரில் சோமாலியாவின் 450 கோடி டாலர் கடன் தள்ளுபடியானது. பெரும்பகுதி பர்ரே வாங்கியது, இன்றைய சோமாலியர்களில் பாதிக்கு மேல் அவர் ஓடிய பிறகு பிறந்தவர்கள். நல்ல காரியம், தாமதமாக நடந்தது. அதற்குள் 2025ல் அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது, பைடோவாவிலும் மற்ற ஊர்களிலும் சத்துணவு மையங்களும் சிறு மருத்துவ நிலையங்களும் மூடப்பட்டன. உதவியைப் பற்றி எவ்வளவு குறை சொன்னாலும், அதை இப்படித் திடீரென்று பிடுங்குவதை ஆதரிக்க என்னால் முடியாது. குறைகளைச் சரிசெய்யும் வழி இது என்று சொல்கிறவர்கள் 2010க்கும் 2011க்கும் இடையே என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கட்டும்.

செய்ய வேண்டியது பெரிய ரகசியமும் இல்லை. 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நன்கொடை நாடுகளும் பெரிய அமைப்புகளும் கூடி, 2020க்குள் மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தை உள்ளூர் அமைப்புகளிடம் முடிந்தவரை நேராகக் கொடுப்போம் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. பைடோவாவில் ஒரு சமையல்கூடத்தை நடத்தக்கூடிய பெண்கள் சங்கத்துக்கு இன்றைக்கும் பணம் மூன்று நான்கு கை மாறித்தான் போய்ச் சேர்கிறது, ஒவ்வொரு கையும் தன் நிர்வாகச் செலவை எடுத்துக்கொள்கிறது, ஆனால் வழியில் குண்டு வெடித்தால் சாகிறது அந்தச் சங்கத்துப் பெண்கள்தான். அடுத்த நன்கொடையாளர் மாநாட்டில் ஒவ்வொரு நாடும் இவ்வளவு கோடி தருகிறோம் என்று அறிவிக்கும்போது, அதில் எவ்வளவு நேராக அவர்களிடம் போகும், மழை பொய்த்த எத்தனையாவது வாரத்தில் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வைக்க வேண்டும்.